கடுக்காய்ப்பூ முதல் தைலமரக் கழலை வரை: மரக்காணக் கடற்கரை வட்டாரத்தை முன்வைத்துப் பூச்சிக்கழலைகளை இனங்காணும் அறிவின் வரலாறு

ஆய்வுச் சுருக்கம்

பூச்சிகளின் தூண்டுதலால் இலை, தண்டு, மொட்டு, பூ ஆகியவற்றில் தோன்றும் இயல்பு மீறிய வளர்ச்சிகள் கழலைகள் எனப்படும். தமிழகத்தில் இவற்றுள் சில நெடுங்காலமாக மருந்துக்கும் சாயத்துக்கும் பயன்பட்டுள்ளன. எனினும் அவை காய், பூ, கொம்பு என்ற பெயர்களாலேயே அறியப்பட்டன. அவற்றை உண்டாக்கிய உயிர் பெயரில் இடம்பெறவில்லை. 2000ஆம் ஆண்டை அடுத்து மரக்காணம் பகுதித் தைலமரங்களில் தோன்றிய கழலைகளோ இதற்கு நேர்மாறானவை. அவற்றை உண்டாக்கிய குளவி, தனக்கொரு பெயர் அமையும் முன்பே இக்கரைக்கு வந்துவிட்டது. இவ்விரு நிலைகளுக்கும் இடையில் கழலையை இனங்காணும் முறை எவ்வாறு உருவாயிற்று என்பதையும், அம்முறை மரத்தைப் பற்றிய அறிவையே முதலாகக் கொண்டது என்பதையும் இக்கட்டுரை ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: பூச்சிக்கழலை, கடுக்காய்ப்பூ, மாசிக்காய், ஆனைக்கொம்பன், தைலமரம், மரக்காணம், இடையஞ்சாவடி.

முன்னுரை

விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில், புதுச்சேரிக்கு வடக்கே, ஆரோவில்லை ஒட்டி அமைந்த ஊர் இடையஞ்சாவடி. செம்மண் மேட்டுநிலம். இங்கிருந்து வடக்கு நோக்கிச் சென்றால் கழுவேலி ஏரியும் அதனை அடுத்து மரக்காணத்து உப்பளங்களும் வருகின்றன. இந்நிலப்பகுதியின் பழைய காடு, ஆண்டில் சில மாதங்களே மழை பெற்றும் இலை உதிர்க்காத குட்டை மரங்களாலானது. காயா, உலக்கைப்பாலை, நாவல், காட்டு எலுமிச்சை முதலியன அக்காட்டின் மரங்கள். இன்று அக்காடு ஐயனார் கோயில்களைச் சார்ந்த தோப்புகளிலும் சில காப்புக்காட்டுத் துண்டுகளிலும் மட்டுமே எஞ்சியுள்ளது. அதன் இடத்தை முந்திரியும் சவுக்கும் தைலமரமும் பிடித்துக்கொண்டன.

இவ்வட்டாரத்தில் கழலையைக் காண நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. தமிழகமெங்கும் சாலையோரங்களில் நிற்கும் புங்கமரத்தின் இலையைப் புரட்டிப் பார்த்தாலே போதும். விரல் நுனிகளைப் போன்ற சிறு புடைப்புகள் நெருங்கி நிற்பது தெரியும். பலர் அதனை இலையின் நோய் என்பர். சிலர் அம்மரத்தின் இயல்பே அதுவெனக் கருதுவர். உண்மையில் அது கண்ணுக்குப் புலப்படாத சிலந்திப்பேன்கள் புங்க இலையைக்கொண்டே கட்டுவித்த குடியிருப்பு. சிலந்திப்பேன் பூச்சியினத்தைச் சேர்ந்ததன்று. எனினும் கழலை ஆய்வில் இரண்டையும் சேர்த்தே பேசுவது மரபாகிவிட்டது.

கழலையின் அடிப்படை வியப்பு இதுதான்: அது பூச்சியின் உடலன்று, தாவரத்தின் உடல். முட்டையிடும் தாயின் சுரப்போ, உண்ணும் புழுவின் உமிழ்நீரோ தாவரத் திசுவைத் தூண்ட, அத்திசு தனக்குப் பயனில்லாத ஓர் உறுப்பைப் பிறர்க்காக வளர்த்துக் கொடுக்கிறது. அவ்வுறுப்பின் வடிவம் பெரும்பாலும் பூச்சிக்குப் பூச்சி மாறுபடும். ஒரே இலையில் இருவேறு பூச்சிகள் இருவேறு வடிவக் கழலைகளை உண்டாக்குவதும் உண்டு. ஆகவே பூச்சியைக் காணாமலே, கழலையைக் கொண்டு அதனை ஊகிக்க இயலும். இனங்காணும் கலை முழுவதும் இவ்வுண்மையின்மேல்தான் நிற்கிறது.

கலைச்சொல்லைப் பொறுத்தவரை தமிழில் இன்னும் ஒருமை ஏற்படவில்லை. முடிச்சு, கொப்புளம், புடைப்பு, கழலை என நான்கு சொற்கள் வழங்குகின்றன. வேரில் நூற்புழு உண்டாக்குவது முடிச்சு என நிலைத்துவிட்டது. கொப்புளம் என்றால் உள்ளே நீர் இருப்பதாகப் பொருள்படும். உடலின் திசுவே மிகுந்து வளர்வதைக் குறிக்கும் கழலை என்னும் சொல் மற்றவற்றினும் பொருந்துவதால் இக்கட்டுரை அதனையே கையாள்கிறது.

காயும் பூவும் கொம்பும்

நாட்டு மருந்துக்கடையில் மூன்று பொருள்களைக் கேட்டு வாங்கலாம்: மாசிக்காய், கடுக்காய்ப்பூ, கர்க்கடகசிங்கி. முதலாவது காயன்று, இரண்டாவது பூவன்று, மூன்றாவது நண்டின் கொடுக்குமன்று, கொம்புமன்று. மூன்றும் கழலைகள்.

மாசிக்காய் மேற்கு ஆசியாவில் வளரும் ஓக் மரவகை ஒன்றின் கிளையில் குளவி உண்டாக்கும் உருண்டை. அம்மரம் தமிழகத்தில் இல்லை. கடல்வழி வணிகம் கொண்டுவந்த அவ்வுருண்டை, குழந்தைகளுக்குக் கொடுக்கும் உரைமருந்துப் பொருள்களுள் ஒன்றாகி வீட்டுக்குள் நுழைந்துவிட்டது. கர்க்கடகசிங்கி இமயமலைச் சரிவுகளில் வளரும் பிஸ்தா இன மரத்தின் இலையில் அசுவினிகள் உண்டாக்கும் கொம்பு வடிவக் கழலை. கடுக்காய்ப்பூ மட்டுமே இந்நாட்டு மரத்துக்குரியது. கடுக்காய் மரத்தின் இளந்தளிர் விரியும் பருவத்தில் பூச்சியால் தாக்குண்டு உள்ளீடற்ற பையாக உப்பிக் காய்ந்ததே அது.

பெயர்கள் தவறென்று தள்ளிவிட இடமில்லை. வாங்குபவருக்கும் அரைப்பவருக்கும் வேண்டியது அப்பொருளின் துவர்ப்பு. அதனைத் தருவது எந்த உறுப்பு என்பது அவர்களின் வினாவாக இருக்கவில்லை. ஆயினும் வணிகரின் கை பூச்சியை அறிந்தேயிருந்தது. துளை விழாத, நீலமோ பச்சையோ பாய்ந்த மாசிக்காய்க்கு மதிப்பு மிகுதி. துளை விழுந்து வெளுத்ததற்கு மதிப்புக் குறைவு. துளை என்பது உள்ளிருந்த குளவி வளர்ந்து வெளியேறிய வழி. வெளியேறுவதற்குமுன் பறித்த கழலையில் துவர்ப்புப்பொருள் கூடுதலாக இருக்கும். காரணம் அறியாமலே தரம் பிரித்த இவ்வறிவு, பெயரில் ஏறாமல் விலையில் ஏறியது.

வயலிலும் இதே நிலைதான். நெற்பயிரின் தூரில் வளர்நுனியை ஒரு சிற்றீயின் புழு தாக்கும்போது, கதிர் வரவேண்டிய இடத்தில் வெள்ளி நிறக் குழல் ஒன்று நீண்டு எழும். உழவர் அதனை ஆனைக்கொம்பன் என்றனர். தந்தத்தின் நிறத்தையும் வடிவத்தையும் ஒருசேரச் சொல்லும் பெயர் அது. அவ்வீக்கு உட்-மேசன் 1889இல் அறிவியற்பெயர் சூட்டினார். வேளாண் துறையோ உழவரின் சொல்லையே ஏற்று ஆனைக்கொம்பன் ஈ என்று வழங்குகிறது. கழலையின் பெயர் பூச்சிக்குச் சென்றடைந்தது. ஒரு மரபு நெல்வகைக்கும் ஆனைக்கொம்பன் என்ற பெயர் உண்டு. பழைய வேளாண் ஆவணங்களைப் படிப்போர் பேசப்படுவது விளைச்சலா இழப்பா என்பதை இடம்நோக்கித் தெளிய வேண்டும்.

சோழமண்டலக் கரையின் சாயமும் ராக்ஸ்பரோவின் குறிப்பும்

கடுக்காய் மரக்காணக் கரைக்கு அயலானதன்று. புதுச்சேரித் துறைமுகத்தின் வழியே ஐரோப்பாவுக்குச் சென்ற வண்ணம் தீட்டிய துணிகளின் தொழில்நுட்பத்தை அறியப் பிரெஞ்சுக்காரர் பெரிதும் முயன்றனர். இயேசு சபைத் துறவி கேர்தூ 1742இல் எழுதிய கடிதத்தில், துணியை முதலில் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த கரைசலில் நனைத்தெடுக்கும் முறையை விவரித்துள்ளார். கடுக்காயின் துவர்ப்புப்பொருள் படிகாரத்தோடும் இரும்போடும் இணைந்து நிறத்தை நூலில் நிலைபெறச் செய்கிறது. பாலின் கொழுப்பு, சாயம் பரவிக் கசியாமல் தடுக்கிறது.

கழலையின் வரலாற்றில் திருப்பமாக அமைவது வில்லியம் ராக்ஸ்பரோவின் குறிப்பு. 1795முதல் வெளிவந்த சோழமண்டலக் கரைத் தாவரங்கள் பற்றிய தம் நூலில் கடுக்காய் மரத்தை விவரிக்கும்போது, அதன் இளந்தளிரைப் பூச்சி துளைத்து முட்டையிடுவதாகச் சொல்லப்படுகிறது என்றும், அதனால் தளிர் உப்பி உள்ளீடற்ற கழலையாகிறது என்றும் அவர் எழுதினார். அக்கழலையிலிருந்து நல்ல மை செய்யலாம் என்பதையும், துணியில் வண்ணம் தீட்டுவோர்க்குச் சிறந்த, நிலைத்த மஞ்சளை அது தருகிறது என்பதையும் பதிவு செய்ததோடு, தமிழரும் தெலுங்கரும் அதனை வழங்கும் பெயர்களையும் குறித்தார். இக்குறிப்பில் மரம், உறுப்பு, பருவம், பயன், உள்ளூர்ப் பெயர் ஆகிய ஐந்தும் உள்ளன. இல்லாதது பூச்சியின் அடையாளம் ஒன்றே. 'சொல்லப்படுகிறது' என்ற வாய்பாடும் கவனத்துக்குரியது. பூச்சியின் பங்கு அவருக்குக் கேள்விவழி வந்த செய்தி. சொன்னவர் யாரென்று நூல் கூறவில்லை. மரத்தோடு பழகியவர்கள் வழியாகவே அச்செய்தி வந்திருக்கக்கூடும் எனக் கருதுவது பொருத்தமாகும். அவ்வாறாயின், பெயரில் ஏறாத அறிவு பேச்சில் இருந்தது என்றாகும்.

ஐரோப்பாவிலும் இவ்வறிவு எளிதில் வந்துவிடவில்லை. அழுகிய இறைச்சியில் புழு தானாகத் தோன்றுவதில்லை என்று 1668இல் சோதனையால் நிறுவிய ரெடிகூட, கழலைக்குள் இருக்கும் பூச்சியைத் தாவரமே படைக்கிறது என்று நம்பினார். 1679இல் மால்பிகி கழலைகளை அறுத்து ஆராய்ந்து, தாய்ப்பூச்சி இடும் முட்டையிலிருந்தே அவை தொடங்குகின்றன என்று காட்டினார். நூறாண்டுக்குச் சற்று மேற்பட்ட இடைவெளியில் ராக்ஸ்பரோவின் குறிப்பு வருகிறது.

பூச்சிக்குப் பெயர் வந்த காலம்

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாணத்தில் பூச்சியியல் அரசுத் துறையாக உருப்பெற்றது. டி. பெயின்பிரிக் ஃபிளெட்சரின் தென்னிந்தியப் பூச்சிகள் பற்றிய நூல் 1914இல் வந்தது. சேகரித்தல் இங்கு நடந்தாலும் பெயரிடுதல் பெரும்பாலும் கடல்கடந்தே நடந்தது. எள்ளின் பூவைக் காயாக விடாமல் கழலையாக்கும் ஈக்கு நியூயார்க் மாநிலப் பூச்சியியலாளர் ஃபெல்ட் 1916இல் பெயரிட்டார். மகிழமரத்தின் இலையை மடித்துக் கழலையாக்கும் இலைப்பேனுக்கு அமெரிக்கரான ஹூட் 1919இல் பெயரிட்டபோது, சிற்றினப் பெயரில் டி. வி. இராமகிருஷ்ண ஐயரின் பெயரை வைத்தார். கோயம்புத்தூரில் பணியாற்றிய இராமகிருஷ்ண ஐயர் பின்னர்த் தாமே இலைப்பேன்களுக்குப் பெயரிடத் தொடங்கினார். வெள்வேல மரத்தின் கணுமொட்டுகளைக் கொத்துக் கொத்தாகத் திரளச் செய்யும் இலைப்பேன் அவர் பெயரிட்டவற்றுள் ஒன்று.

தமிழரான எம். எஸ். மணி (1908–2003) இத்துறையின் மையத்தில் நிற்பவர். 1930களில் இந்திய அருங்காட்சியகத்தின் ஏட்டில் கழலை ஈக்களைப் பற்றித் தொடர்கட்டுரைகள் எழுதினார். ஆக்ராவில் பேராசிரியராயிருந்து ஒரு பள்ளியையே உருவாக்கினார். தாவரக் கழலைகளின் சூழலியல் பற்றிய அவருடைய நூல் 1964இலும், இந்தியத் தாவரக் கழலைகள் பற்றிய நூல் 1973இலும் வெளிவந்தன. மாவிலைக் கழலை ஈக்களின் பேரினம் ஒன்றுக்கு வடமொழியில் மாவைக் குறிக்கும் ஆம்ரம் என்ற சொல்லால் அவர் பெயரமைத்தது சுவையான செய்தி. பூச்சியின் பெயரிலேயே மரம் வந்து அமர்ந்துவிட்டது.

சென்னை லயோலா கல்லூரியில் டி. என். அனந்தகிருஷ்ணன் (1925–2015) இலைப்பேன் கழலைகளை மேலும் நுணுகி ஆராய்ந்தார். 1978இல் இந்திய விலங்கியல் அளவைத்துறை வெளியிட்ட அவருடைய தனிநூல் இலைப்பேன் கழலைகளுக்கே உரியது. அவரும் மாணவர் அ. இராமனும் காயா, வெள்வேல் முதலிய மரங்களின் கழலைகளில் தாவரத் திசு எவ்வாறு மாறுகிறது என்பதை ஆராய்ந்தனர். கடுக்காய் மரத்தின் இலைக் கழலையில் வாழும் இலைப்பேன் ஒன்றுக்குப் பெயரிட்டவரும் அனந்தகிருஷ்ணனே. ராக்ஸ்பரோ விட்டுச்சென்ற வெற்றிடத்தை நோக்கி ஏறத்தாழ 170 ஆண்டுகளுக்குப்பின் எடுத்துவைத்த அடியென அதனைக் கொள்ளலாம்.

மரமே முதற்சான்று

கழலையை இனங்காண முற்படுபவர் பூச்சியிலிருந்து தொடங்குவதில்லை. ஆசிய, ஆப்பிரிக்கக் கழலைகளுக்கு ஊவார் 1922–23இல் வெளியிட்ட பெருந்தொகுதியும், இந்தோனேசியத் தீவுகளின் கழலைகளுக்கு டாக்டர்ஸ் வான் லேவன் 1926இல் வெளியிட்ட நூலும் தாவரக் குடும்ப வரிசையிலேயே அமைந்தன. மரத்தின் பெயர் தெரியாதவருக்கு அந்நூல்கள் திறவா. மரம் தெரிந்தபின் வரும் வினாக்கள் எளியவை: எந்த உறுப்பு? இலையாயின் மேற்புறமா, அடிப்புறமா, நடுநரம்பா? மூடியதா, திறப்புடையதா? மயிருடையதா, வழுவழுப்பானதா?

அடுத்தது அறுத்துப் பார்த்தல். உள்ளே ஒரே அறையில் காலற்ற, மஞ்சளோ செம்மஞ்சளோ நிறமான புழு கிடந்தால் அது பெரும்பாலும் கழலை ஈ. கெட்டிச் சுவரால் சூழப்பட்ட வெண்புழு குளவியினுடையது. சுருண்ட இலைக்குள் கரியனவும் வெளிறியனவுமாகப் பல சிற்றுயிர்கள் ஓடினால் இலைப்பேன். மெழுகுப்பூச்சோடு தட்டையான குஞ்சு இருப்பின் அது செடித்தத்தி. ஏழிலைப்பாலையின் இலைக் கழலைகள் அவ்வகையின. உள்ளே மயிர்க்காடு மட்டுமே தெரிந்தால் உருப்பெருக்கியை எடுத்துச் சிலந்திப்பேனைத் தேட வேண்டும்.

முதிர்ந்த பூச்சியைப் பெறுவதற்குக் கழலையைக் கிளையோடு வெட்டி, துணியால் வாய்கட்டிய புட்டியில் வைத்துக் காத்திருக்க வேண்டும். ஏமாற்றம் நேர்வது இங்குதான். வெளிவரும் முதற்பூச்சி கழலையை உண்டாக்கியதாக இருக்க வேண்டியதில்லை. உள்ளிருந்த புழுவைத் தின்று வளர்ந்த ஒட்டுண்ணியாகவோ, ஆயத்த வீட்டில் குடிபுகுந்த ஒண்டிக்குடியாகவோ அது இருக்கலாம். அத்திப்பழத்தைப் பிட்டால் பறக்கும் குளவிகளும் ஒரே தொழிலினர் அல்லர். சில, குட்டைச் சூல்தண்டுப் பூக்களைக் கழலையாக்கி அதில் வளர்ந்து, மகரந்தத்தையும் சுமந்து செல்பவை. வேறு சில அவற்றின் உழைப்பில் வாழ்பவை. புட்டியில் கிடைத்ததை அப்படியே எழுதிவைத்ததால் ஒட்டுண்ணி கழலையாக்கியாகப் பதிவான பிழைகள் இத்துறையில் உண்டு. அவற்றைத் திருத்த உதவியவை காய்ந்த கழலைகளும், 'இன்ன மரம், இன்ன உறுப்பு, இன்ன நாள்' என்ற சீட்டுகளுமே.

பெயரின்றி வந்த குளவி

2000ஆம் ஆண்டில் மத்தியதரைக்கடல், மேற்கு ஆசிய நாடுகளின் தைலமரங்களில் புதிய கழலைகள் காணப்பட்டன. அடுத்த சில ஆண்டுகளுக்குள் தென்னிந்தியாவிலும் அவை தோன்றின. கர்நாடகத்தின் மண்டியா பகுதியோடு, விழுப்புரம் மாவட்டத்தின் மரக்காணமும் அவை தொடக்கத்திலேயே கவனிக்கப்பட்ட இடங்களுள் வைத்து எண்ணப்படுகிறது. தளிரிலையின் நடுநரம்பு, இலைக்காம்பு, இளந்தண்டு ஆகிய மூன்றிலும் வரிசையாகப் புடைப்புகள் எழுந்தன. இலை முறுக்கிக்கொண்டது, நுனி வளர்ச்சி நின்றது. நாற்றங்காலிலும் ஓரிரு ஆண்டுக் கன்றுகளிலும் பாதிப்பு மிகுந்தது. சில ஆண்டுகளில் வெட்டிக் காகித ஆலைக்கு விற்கலாம் என்ற கணக்கில் நிலத்தைத் தைலமரத்துக்கு ஒதுக்கியவர்களுக்கு, கன்று வளராமல் நிற்பது நேரடி இழப்பு.

அக்குளவிக்கு அப்போது பெயரில்லை. 2004இல்தான் இஸ்ரேலிய ஆய்வாளர் மெண்டலும் அவருடைய குழுவினரும் அதனைப் புதிய பேரினமாகவும் சிற்றினமாகவும் விவரித்து, லெப்டோசைபே இன்வேசா எனப் பெயரிட்டனர். ஒன்றரை மில்லிமீட்டரையும் எட்டாத கருங்குளவி. ஆணின்றியே பெண் பெண்ணைப் பெறும் இனப்பெருக்கம் அதன் இயல்பு. ஆகவே ஒரு கன்றோடு ஒரே ஒரு குளவி வந்தாலும் குடியேற்றத்துக்குப் போதும். இஸ்ரேலில் அறை வெப்பநிலையில் முட்டையிலிருந்து குளவி வெளிவர ஏறத்தாழ 132 நாள் ஆயிற்று. கழலையின் வளர்ச்சியை அவர்கள் ஐந்து கட்டங்களாகப் பிரித்தனர்: முட்டையிட்ட இடத்தில் தக்கை போன்ற தழும்பு, பின் பச்சைப் புடைப்பு, பளபளப்பு ஏறி இளஞ்சிவப்பாதல், மங்கிய சிவப்பாதல், இறுதியில் துளை. நிறத்தை மட்டும் கொண்டே உள்ளிருக்கும் உயிரின் பருவத்தைக் கூறலாம் என்பதே இதன் பயன். மாசிக்காயின் நிறத்தையும் துளையையும் கொண்டு தரம் பிரித்த வணிகரின் முறையும் அடிப்படையில் இதுவே.

தைலமரம் ஆஸ்திரேலியாவிலிருந்து வந்தது; நீலகிரியில் அதனை நட்டது 1843இல். குளவியும் ஆஸ்திரேலியாவுக்குரியதே. ஒன்றரை நூற்றாண்டு பூச்சியில்லாமல் தனித்து வளர்ந்த மரத்தை அதன் பழைய பூச்சி பின்தொடர்ந்து வந்து கண்டுகொண்டது. பூச்சி எங்கிருந்து வந்திருக்கலாம் என்ற கேள்விக்கு முதல் துப்புக் கொடுத்ததும் மரத்தின் தாயகமே. அங்கே தேடியபோதுதான் அதன் ஒட்டுண்ணிகள் கிடைத்தன. அவற்றுள் குவாட்ராஸ்டிக்கஸ் மெண்டெலி என்னும் குளவி இஸ்ரேல் வழியாக இந்தியாவுக்கும் கொண்டுவரப்பட்டது. மறுபுறம், விதைமூலமும் மரவகையும் பாதிப்பை மாற்றுவதைக் கோயம்புத்தூர் வன மரபியல் மற்றும் மர இனப்பெருக்க நிறுவன ஆய்வாளர்கள் எடுத்துக்காட்டினர். கல்யாண முருங்கையைத் தாக்கும் மற்றொரு கழலைக் குளவிக்கும் 2004இலேயே பெயரிடப்பட்டது. அதுவும் சில ஆண்டுகளுக்குள் கேரளத்தில் மிளகுக்கொடியின் தாங்குமரங்களில் காணப்பட்டது. ஒட்டிய உறவினங்களான இரண்டு குளவிகள் ஒரே காலத்தில் தென்னாட்டில் நுழைந்தது கழலை ஆய்வைப் பழம்பொருட் காட்சியிலிருந்து தோட்டத்துக்குக் கொண்டுவந்தது.

காயாவின் இலை

மரக்காணத்தின் உலர் பசுமைக்காட்டைப் புதுச்சேரி பிரெஞ்சு நிறுவனத்தைச் சேர்ந்த பிளாஸ்கோவும் லெக்ரியும் கோடியக்கரைக் காட்டோடு ஒப்பிட்டு 1973இல் எழுதினர். மணியின் கழலை நூல் வெளிவந்ததும் அதே ஆண்டு. ஒன்று மரங்களைப் பட்டியலிட்டது. மற்றொன்று மரங்களின்மேல் வாழ்வனவற்றை. இரண்டையும் ஒருங்கே விரித்துவைத்து, இக்கரையின் எந்த மரத்தில் எக்கழலை உள்ளது எனத் தோப்புதோறும் சரிபார்ப்பது தனியே செய்யவேண்டிய பணி. தாவரச் சேகரிப்பாளர் பொதுவாகப் பழுதற்ற இலையையே தேர்ந்தெடுப்பர். பூச்சியியலாளர் பயிரையே பெரிதும் நாடுவர். காட்டு மரத்தின் வீங்கிய இலை இருவருடைய கைக்கும் நடுவே நழுவிவிடுகிறது.

கழலையாக்கிகளுள் மிகப்பல ஒரே ஒரு சிற்றினத்தையோ ஒரே பேரினத்தையோ சார்ந்தவை. தைலமரத்தின் குளவி ஒரு கண்டத்திலிருந்து மற்றொரு கண்டத்துக்குத் தன் மரத்தைத் தேடி வந்து சேர்ந்தது. ஏனெனில் அம்மரம் இலட்சக்கணக்கில் நடப்பட்டிருந்தது. காயாவின் இலைக்குள் வாழும் இலைப்பேனுக்கு அவ்வாய்ப்பு இல்லை. ஐயனார் தோப்பு ஒன்று அழிந்தால், அடுத்த தோப்புவரை இடையில் கிடப்பது முந்திரிக்கொல்லையும் சவுக்கும் உப்பளமுமே. இடையஞ்சாவடியைச் சுற்றி அண்மைக் காலத்தில் மீண்டும் நடப்பட்டுவரும் உள்நாட்டு மரங்களால் இவ்வாய்வுக்குத் தனிப்பயன் உண்டு. நட்ட ஆண்டு தெரிந்த காயாவில் கழலை முதன்முதல் தோன்றிய ஆண்டையும் குறித்துவைத்தால், பூச்சி பழைய தோப்பிலிருந்து புதிய மரத்தை அடைய எத்தனை ஆண்டு எடுத்துக்கொள்கிறது என்பதை அளக்க முடியும். அதற்கு வேண்டியவை ஓர் உருப்பெருக்கி, துணியால் வாய்கட்டிய புட்டிகள், மரத்தின் பெயரும் நாளும் எழுதிய சீட்டுகள்.